இரண்டு கப்பிக் கிணறு

1

என் மகள் நித்யா, கொச்சி மட்டாஞ்சேரியில் என் அக்கா கொடுத்த தண்ணீரைக் குடிக்க மாட்டேன் என்றுவிட்டாள். போன ஜூலையில் நடந்தது இது. விடுமுறைக்கு ஊருக்கு வரும் பிள்ளைகள் தண்ணீரைப் பார்த்து முகம் சுளிப்பது புதிதல்ல. வளைகுடாவிலிருந்து வருகிற பிள்ளைகளும் இப்போது அப்படித்தான் என்று அக்காவே சொல்வாள். ஆனால் நித்யா முகம் சுளிக்கவில்லை, பயந்தாள். அந்தப் பயத்தை அவளுக்குக் கொடுத்தவன் நான். எப்படிக் கொடுத்தேன் என்பதை எழுதத்தான் உட்கார்ந்திருக்கிறேன். படித்துவிட்டு ஊரில் இருப்பவர்கள் என்னைத் திட்டலாம். யாராவது திட்டினால் எனக்கும் கொஞ்சம் நன்றாகத்தான் இருக்கும்.

2

அமெரிக்கா என்றதும் நீங்கள் வானளாவிய கட்டடங்களை நினைப்பீர்கள். நான் இருக்கும் இடத்தில் உயரமாக இருப்பது மாட்டுத்தீவனம் கொட்டிவைக்கும் கோபுரம் ஒன்றுதான். கவுண்டி என்பார்கள், நம்மூர்த் தாலுகா மாதிரி. மனிதர்களைவிட மாடுகள் அதிகம். எர்ணாகுளத்தில் நான் படித்த ரசாயனம் கடைசியில் இங்கே ஒரு பால் தொழிற்சாலையில் வந்து நின்றது. பண்ணைகளிலிருந்து வரும் பாலைச் சோதித்து, கிருமி அதிகமென்றால் வேண்டாம் என்று எழுதி அனுப்புவது என் வேலை. நான் வேண்டாம் என்றால் ஒரு பண்ணைக்காரர் அன்றைய பாலைக் கால்வாயில் கொட்ட வேண்டும். அதனால் சுற்றுவட்டாரத்தில் எல்லாருக்கும் என்னைத் தெரியும். பெயரைச் சரியாகச் சொல்லத்தான் யாருக்கும் வராது. சண்முகம் என்பது ‘ஷான்’ ஆகி வெகுநாளாகிறது.

இங்கே காசு கொடுத்து நிலம் வாங்கிவிட்டால் மட்டும் போதாது. எந்த நிலத்தில் எதைச் செய்யலாம், எவ்வளவு சிறிய துண்டாக அதை வெட்டலாம் என்று முன்கூட்டியே வகுத்து வைத்திருக்கிறார்கள். ஸோனிங் என்று பெயர். அலுவலகச் சுவரில் ஒரு வரைபடம் தொங்கும். பச்சை என்றால் விவசாயம், மஞ்சள் என்றால் வீடு. பச்சையை மஞ்சளாக்கவோ, சொன்ன அளவைவிடச் சிறிதாக வெட்டவோ மனுப் போட வேண்டும். வயலில் ஆரஞ்சு நிறத்தில் அறிவிப்புப் பலகை நடுவார்கள். அக்கம்பக்கத்தார் எல்லாரும் வந்து பேசிய பிறகு ஒரு குழு ஓட்டெடுத்து முடிவு சொல்லும். எங்கள் சாலையில் வீட்டுக்குக் குறைந்தது இரண்டு ஏக்கர். அதாவது இருநூறு சென்ட். முதலில் கேட்டபோது நான் சிரித்துவிட்டேன்.

என்னுடைய இருநூறு சென்ட், வால்ட்டர் என்ற பால்பண்ணைக்காரரின் நிலத்திலிருந்து வெட்டியது. அப்போது அந்த இடம் பச்சை என்பதால் அதற்கும் ஒரு கூட்டம் நடந்தது. அந்த வீட்டில் எத்தனை பேர் இருப்பார்கள், சொந்தக்காரர்கள் எல்லாரும் வந்து சேர்ந்துவிடுவார்களோ என்று ஓர் அம்மாள் எழுந்து கேட்டார். என் மனைவி தலையைக் குனிந்துகொண்டாள். வால்ட்டர் தொப்பியைக் கழற்றிக்கொண்டு எழுந்தார். “என் பாலைச் சோதிக்கிறவர் இவர். கெட்டது என்று இவர் சொன்னால் நான் மறுபேச்சுப் பேசாமல் கொட்டிவிடுகிறேன். இவர் வார்த்தையை நம்பலாம்” என்று சொல்லிவிட்டு உட்கார்ந்தார். மனு நிறைவேறியது. அந்த வார்த்தையை வைத்துத்தான் நான் இங்கே வீடு கட்டினேன்.

3

இனி மூன்று சென்ட் கதை.

அப்பா திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து மட்டாஞ்சேரிக்கு வந்தவர். பஜார் ரோட்டு மிளகுக் கிடங்குகளில் கிழிந்த சாக்கு தைப்பது வேலை. நாங்கள் சாரதா சேச்சியின் வளவில், பின்மூலையில் ஓலை வேய்ந்த வீட்டில் இருந்தோம். சாரதேச்சி விதவை. ஒரே மகள் வல்சலா, என் அக்கா வயது. வாடகை என்று பேருக்கு ஏதோ கொடுப்போம். தேங்காய் விழுந்தால் எங்களுக்கும் ஒன்று வரும்.

எழுபதுகளின் தொடக்கத்தில் நிலச்சட்டம் நடைமுறைக்கு வந்தது. பிறத்தியார் நிலத்தில் குடிசை போட்டிருப்பவர்களுக்கு அந்த இடம் சொந்தமாகும். கிராமத்தில் பத்து சென்ட், எங்களைப் போல் பட்டணத்தில் இருப்பவர்களுக்கு மூன்று. எங்கள் தெருவே மனு எழுதப் போனது. அப்பா மட்டும் போகவில்லை. “உப்புத் தின்ன வீட்டுமேல மனு கொடுக்கவா?” என்று சாக்கு ஊசியைக் கையில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். அம்மாதான் இரண்டு பிள்ளைகளையும் முன்னால் நிறுத்தி, “இதுங்க எங்க போகும்?” என்றாள். அப்பா போனார்.

அன்றிலிருந்து சாரதேச்சி எங்களோடு பேசுவதை நிறுத்திவிட்டார். வல்சலாவும் பேசக்கூடாது என்று உத்தரவு. அவள் பள்ளிக்கூட வழியில் அக்காவோடு பேசித் தீர்த்துக்கொண்டாள். சர்க்கார் ஆள் சங்கிலி கொண்டுவந்து அளந்தான். எங்கள் மூன்று சென்ட் கிணற்றுக்கு இப்பால் முடிந்துவிட்டது. கிணறு சாரதேச்சியின் பக்கம்.

மட்டாஞ்சேரியைத் தெரிந்தவர்களுக்கு இது எவ்வளவு பெரிய அடி என்று புரியும். ஒரு பக்கம் காயல், ஒரு பக்கம் கடல். எங்கே தோண்டினாலும் உப்பு. தெருக்குழாயில் வந்தால் வந்தது, இல்லாவிட்டால் குடம்தான் வரிசையில் நிற்கும். அந்த ஒரு கிணறு மட்டும் ஏதோ புண்ணியத்தில் நல்ல தண்ணீர். மேஸ்திரி மதில் கட்ட நூல் பிடித்தபோது, வீடு கிடைத்த சந்தோஷம் போய் அம்மா வாசலில் அழுதுகொண்டு நின்றாள்.

சாரதேச்சி வெளியே வந்தார். எங்களைப் பார்க்கவில்லை. மேஸ்திரியிடம் சொன்னார்: “நூலு இங்ஙோட்டு மாற்று. கிணற்றிண்டெ நடுவிலூடெ மதில் மதி.” பிறகு அப்பா நின்ற திசைக்கு முதுகைக் காட்டிக்கொண்டு, “மண்ணு சர்க்காரு தந்நு. ஞான் ஆருடேயும் வெள்ளங்குடி முட்டிச்சூந்நு பறயேண்டா” என்றார். நூலை இந்தப் பக்கம் நகர்த்து, கிணற்றின் நடுவே மதில் போனால் போதும்; மண்ணைச் சர்க்கார் கொடுத்தது, தண்ணீரைத் தடுத்தவள் என்ற பேர் எனக்கு வேண்டாம். அவ்வளவுதான். கோபம் தீர்ந்து சொன்னதல்ல. அதற்குப் பிறகும் பல மாதம் பேசவில்லை.

கிணற்று வாயில் குறுக்கே கல்லைப் போட்டு அதன்மேல் மதில் எழுந்தது. இந்தப் பக்கம் ஒரு கப்பி, அந்தப் பக்கம் ஒரு கப்பி. உள்ளே தண்ணீர் ஒன்றுதான். சில நேரம் இரண்டு வாளியும் அடியில் மோதிக்கொள்ளும். அக்காவும் வல்சலாவும் கிணற்றுக்குள் தலையைக் குனிந்து பேசுவார்கள், மதிலுக்கு அப்பால் தெளிவாகக் கேட்கும். அந்தத் தண்ணீரைக் குடித்துத்தான் நான் படித்தேன், விமானம் ஏறினேன்.

4

போன வசந்தத்தில் வால்ட்டரின் சாலையோர வயலில் ஆரஞ்சுப் பலகை முளைத்தது. அவருக்கு முட்டி போய்விட்டது, மாடுகளைக் குறைக்க வேண்டிய நிலை. வயலை அரை ஏக்கர் துண்டுகளாக வெட்ட அனுமதி கேட்டிருந்தார். முதல் துண்டு ரே என்பவருக்கு. ரே அவருடைய பண்ணையில் பால் கறக்கும் ஆள். மனைவி, பிள்ளைகளோடு தொழுவத்துக்குப் பின்னால், சக்கரத்தின் மேல் நிற்கும் ஒரு பழைய டிரெய்லர் வீட்டில் இருந்தார். அவர் மகள் டாமி என் நித்யாவோடு பள்ளிக்கூட பஸ்ஸில் ஒரே இருக்கையில் போகிறவள். இரண்டு ஏக்கர் வாங்க ரேவால் ஆகாது. அரை ஏக்கர் என்றால் ஆகும், காசை மெதுவாகக் கட்டினால் போதும் என்று வால்ட்டர் சொல்லியிருந்தார்.

எதிர் வீட்டு வக்கீல் எங்களை விருந்துக்கு அழைத்தார். அந்தச் சாலையில் நாங்கள் இருந்த அத்தனை வருடத்தில் யாரும் எங்களை அழைத்ததில்லை. தோட்டத்தில் இறைச்சி சுட்டார்கள், எனக்கென்று சோளம் தனியாக வைத்திருந்தார்கள். சாப்பிட்ட பின் வக்கீல் மனுவின் நகலை விரித்தார். அரை ஏக்கருக்கு ஒரு கிணறு தாங்காது என்பதால், வால்ட்டர் இரண்டு வீட்டுக்கு ஒரு கிணறு என்று போட்டிருந்தார். ஒவ்வொரு எல்லைக்கோட்டின் மேலும் ஒரு கரும்புள்ளி. எனக்குப் பார்த்த மாத்திரத்தில் புரிந்துவிட்டது. இந்தப் பக்கம் ஒரு கப்பி, அந்தப் பக்கம் ஒரு கப்பி.

“பகிர்ந்துகொள்ளும் கிணறு எப்படிப்பட்டது என்று உங்களுக்குத் தெரிந்திருக்கும்” என்றார் வக்கீல். “நாங்கள் சொன்னால் பணக்காரர் பேச்சாகிவிடும். நீங்கள் சொன்னால் கேட்பார்கள்.”

அப்போதே எழுந்து வந்திருக்கலாம். அந்தச் சாலைக்காரர்களில் ஒருவனாக என்னையும் சேர்த்துக்கொண்டாரே என்று எனக்கு மனம் குளிர்ந்துவிட்டது. உண்மையைச் சொல்வதென்றால் வேறு ஒன்றும் உண்டு. ரேயின் டிரெய்லர், பழைய டயர்கள், நாய்கள் எல்லாம் என் சன்னலுக்கு எதிரே வந்து நிற்பதை நான் ஏற்கெனவே கற்பனை செய்து பார்த்திருந்தேன். வீட்டின் விலை இறங்கும் என்றும் நினைத்திருந்தேன். ஏறி வந்த ஏணியை எட்டி உதைப்பவனைப் பற்றி ஊரில் நிறையப் பேசியிருக்கிறேன்.

கூட்டம் தீயணைப்பு நிலையத்தின் பின்னறையில் நடந்தது. என் மனைவிக்கு ஆஸ்பத்திரியில் மாலை ஷிப்ட், அதனால் நித்யாவையும் கூட்டிப் போனேன். பேசுகிறவர்களுக்கு மூன்று நிமிடம். முட்டை வேகவைக்கும் மணி ஒன்றை மேசையில் வைத்து முறுக்கிவிடுவார்கள்.

நான் மைக்கின் முன் நின்றேன். என் அப்பாவிடம் மூன்று சென்ட் இருந்தது என்று தொடங்கினேன். காசு என்று நினைத்து இரண்டு பேர் சிரித்தார்கள். ஏக்கரில் நூற்றில் மூன்று பங்கு என்று விளக்கியதும் சிரிப்பு நின்றது. அறையே என்னைப் பார்த்தது. கிணற்றின் மேல் எழுந்த மதிலைச் சொன்னேன். சாரதேச்சி நூலை மாற்றியதைச் சொல்லவில்லை. நெருக்கமாக வீடு கட்டினால் அழுக்கு நீர் கிணற்றில் இறங்கும், ஒரு பக்கம் காய்ச்சல் வந்தால் மறுபக்கமும் வரும், எங்கள் ஊரில் அப்படிக் குழந்தைகள் போயின என்றேன். பாலில் கிருமி பார்க்கிறவன் என்பதால் சொல்கிறேன் என்றும் சேர்த்துக்கொண்டேன். மணி அடித்தது.

அந்தக் கிணற்றுத் தண்ணீரை நான் ஒரு நாளும் சோதித்ததில்லை. ஊரில் எங்கோ குழந்தைகள் போனது உண்மைதான், எந்த ஊரில்தான் போகவில்லை. எங்கள் கிணற்றால் போனதாக நான் கேள்விப்பட்டதே இல்லை.

மனு தோற்றது. வக்கீல் என் கையைப் பிடித்துக் குலுக்கினார்.

5

வெளியே கார்கள் நிற்கும் இடத்தில் வால்ட்டர் எனக்காகக் காத்திருந்தார். சண்டைக்கு நிற்கிறார் என்று நினைத்து நித்யாவின் கையை இறுகப் பிடித்துக்கொண்டேன். அவர் தொப்பியைக் கழற்றினார்.

“எனக்குத் தெரியாது, ஷான். தெரிந்திருந்தால் அப்படி வரைந்திருக்க மாட்டேன்” என்றார். பிறகு தயங்கி, “உங்கள் வீட்டிலும் ஒரு குழந்தையா?” என்று கேட்டார்.

நான் ஆமென்று தலையை ஆட்டினேன்.

ஏன் ஆட்டினேன் என்று பலமுறை யோசித்திருக்கிறேன். இல்லை என்றால் அதுவரை சொன்னதெல்லாம் சாயம் வெளுத்துவிடும் என்ற பயம்தான். அந்த மனிதர் என் தோளைத் தொட்டு, வருந்துகிறேன் என்று சொல்லிவிட்டு, முட்டியைப் பிடித்துக்கொண்டு தன் வண்டிக்குப் போனார். என் வார்த்தையை அன்றும் நம்பினார். கெட்டது என்று நான் சொன்னதும் கொட்டிவிட்டார்.

துண்டு விற்று வரவேண்டிய காசு வராததால், ஜூன் மாதம் வால்ட்டர் மாடுகளை எல்லாம் விற்றார். மாடு இல்லாத பண்ணையில் பால் கறப்பவருக்கு என்ன வேலை? ரே குடும்பத்தோடு கிளம்பிவிட்டார், வடக்கே எங்கோ பண்ணையாம். பள்ளிக்கூடத்தின் கடைசி வாரம் நித்யா பஸ்ஸில் தனியாக உட்கார்ந்து வந்தாள்.

6

ஜூலையில் மட்டாஞ்சேரி. அப்பாவும் அம்மாவும் போன பிறகு அந்த மூன்று சென்ட்டில் அக்காவும் அத்தானும் இருக்கிறார்கள். ஓலை போய் ஓடு வந்திருக்கிறது. மதிலுக்கு அந்தப் பக்கம் வல்சலா. சாரதேச்சி படுக்கையில்.

வாசலில் கால் வைத்ததும் அக்கா கிணற்றிலிருந்து இறைத்து டம்ளரை நீட்டினாள். “குடி மோளே. நல்ல வெள்ளமாக்கும். எர்ணாகுளத்தில காசு கொடுத்தாலும் கிட்டாது.”

நித்யா வாங்கினாள், உள்ளே பார்த்தாள், மேசைமேல் வைத்துவிட்டாள். அவளுக்குத் தெரிந்த தமிழில் சொன்னாள்: “வேண்டாம் அத்தை. இந்தத் தண்ணிலதான அப்பா வீட்டு பேபி செத்துப் போச்சு. அப்பா சொன்னாரு.”

அக்கா என்னைப் பார்த்தாள். அத்தான் பேப்பரை மடக்கினார். அந்த நேரம் பார்த்து மறுபக்கம் வல்சலாவின் கப்பி கிறீச்சிட்டது. அக்கா டம்ளரை எடுத்துத் தானே குடித்துவிட்டு, உள்ளே போய் அடுப்பில் சீரகம் போட்டுத் தண்ணீர் கொதிக்க வைத்தாள்.

சாயங்காலம் கிணற்றடியில் என்னைப் பிடித்தாள். “எடா, நம்ம வீட்டில எந்தக் குட்டியாடா செத்தது?”

எல்லாவற்றையும் சொன்னேன். வால்ட்டர், ரே, கரும்புள்ளி, மணி, தலையாட்டல். அவள் குறுக்கிடவே இல்லை. குறுக்கிட்டுத் திட்டியிருந்தால் தேவலை.

“அப்பன் போனது நெஞ்சுவேதனை. அம்மை போனது சுகர். நீயும் நானும் இந்தா கல்லு மாதிரி நிக்கிறோம்” என்றாள். குரலைத் தாழ்த்தி, “மதிலுக்கு அந்தப் பக்கம் அந்தச் சேச்சி கிடக்குது. இதக் கேட்டா என்ன நெனைக்கும்? நம்ம மேல அத்தன கோபத்திலயும் நூலை மாத்திச்சே. நீ எல்லாருக்கும் நல்லவனா இருக்கறதுக்கு அந்தக் கிணத்தைப் போயி வித்துட்டியே.”

“தப்புதான்க்கா.”

“எங்கிட்டப் பறஞ்சு என்ன? எங்க நின்னு பறஞ்சியோ அங்கயே நின்னு திருத்திப் பற.”

நாங்கள் இருந்த நாள் முழுக்க நித்யாவுக்குச் சீரகத் தண்ணீர்தான். அக்கா ஒவ்வொரு காலையும் கொதிக்க வைத்து ஆற்றி, மூடி போட்டு, தனி டம்ளரோடு வைத்தாள். ஓட்டலில் தங்க வந்தவர்களுக்கு வைப்பது போல. அந்த வீட்டில் என் பிள்ளைக்கு விருந்தாளி மரியாதை. கிளம்புகிற அன்று நான் சாரதேச்சியைப் பார்க்கப் போனேன். அவருக்கு என்னை அடையாளம் தெரிந்தது. “அவிடெ நல்ல வெள்ளமுண்டோடா?” என்று கேட்டார். நல்ல தண்ணீர் உண்டு என்றேன். அவர் திருப்தியோடு கண்ணை மூடிக்கொண்டார். என்னால் அங்கே அதிக நேரம் உட்கார முடியவில்லை.

7

திரும்பி வந்தபோது வால்ட்டரின் வயலில் ஆரஞ்சுப் பலகை இல்லை. வேறு பலகை இருந்தது. யாரோ கட்டடக்காரர் மொத்த நிலத்தையும் வாங்கி இரண்டு ஏக்கர் துண்டுகளாக விற்கிறார். எங்கள் சாலை முழுக்க எப்போதோ மஞ்சளாகிவிட்டதாலும், சட்டம் சொன்ன அளவு அதுதான் என்பதாலும் அதற்கு யார் தயவும் வேண்டியிருக்கவில்லை. பெரிய பெரிய வீடுகள் வரப்போகின்றன. வீட்டுக்கு ஒரு ஆழ்குழாய்க் கிணறு, புல்தரைக்கு நாள் முழுக்கத் தண்ணீர் தெளிப்பான். கிணற்றைப் பற்றி அவ்வளவு கவலைப்பட்ட எங்கள் சாலையில் யாரும் இதற்கு மூச்சு விடவில்லை.

முதலில் வால்ட்டரிடம் போனேன். அவர் கதவைத் திறந்து, நான் சொன்னதைக் கடைசிவரை கேட்டார். எங்கள் வீட்டில் எந்தக் குழந்தையும் சாகவில்லை என்றேன். அவர் பார்வை என் சட்டைப் பொத்தானுக்கு இறங்கியது. “யாரும் சாகவில்லை என்றால் நல்லதுதான்” என்றார். ரே எங்கே என்று கேட்டேன். இரண்டு மாதமாகத் தகவல் இல்லை என்று சொல்லிக் கதவைச் சாத்தினார். ஓங்கிச் சாத்தவில்லை.

அக்கா சொன்ன இடம் இன்னும் பாக்கியிருந்தது. குழுவின் கூட்டம் முடியும்போது யார் வேண்டுமானாலும் எதைப் பற்றியும் மூன்று நிமிடம் பேசலாம் என்று இங்கே ஒரு வழக்கம் உண்டு. நித்யாவைக் கூட்டிக்கொண்டுதான் போனேன். பொய்யைக் கேட்டவள் இதையும் கேட்கட்டும் என்று நினைத்தேன். அறையில் கூட்டமில்லை. மணியை முறுக்கினார்கள்.

வசந்தத்தில் இதே இடத்தில் நான் சொன்னது தவறு என்றேன். அந்தக் கிணற்றால் எங்கள் வீட்டில் யாரும் நோய்ப்படவில்லை, அதைக் குடித்துத்தான் நாங்கள் வளர்ந்தோம் என்றேன். எங்களோடு பேசாமல் இருந்த ஒரு பெண்மணி எங்களுக்காகச் சுவரைக் கிணற்றின் நடுவே கட்டவைத்தார் என்றும் சொன்னேன். அதற்கு மேல் சொல்ல ஒன்றும் இல்லை. மணி ஓடிக்கொண்டே இருந்தது.

தலைவர் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றினார். “இது எந்த மனு சம்பந்தமாக?”

“வால்ட்டரின் மனு.”

“அது முடிந்துவிட்டதே. அவர் நிலத்தையே விற்றுவிட்டார்.”

“ஆமாம்.”

“சரி, நன்றி” என்றார். அடுத்து ஒருவர் எழுந்து, பக்கத்து வீட்டு நாய் குரைப்பதைப் பற்றிப் பேச ஆரம்பித்தார்.

நித்யாவைக் காரில் ஏற்றிக்கொண்டு கிளம்பினேன். வால்ட்டரின் வயலைத் தாண்டும்போது புதிய பலகையில் எங்கள் விளக்கு வெளிச்சம் பட்டது. அவள் சன்னலைப் பார்த்துக்கொண்டே கேட்டாள்:

“நீங்க இப்ப உண்மை சொல்லிட்டீங்கள்ல அப்பா. அப்போ டாமி திரும்ப வந்துடுவாளா?”